மறுக்கா வருவீங்களா

நவம்பர் 11, செவ்வாய். அந்தியூர்.

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் துணி இன்னும் ஈரம். குடையை பஸ்ஸில் விட்டாச்சு, இந்த மழைக்கு இரண்டாவது குடை.

வாங்க வேண்டியது: கொசுவத்தி, பேனா, பிரசவ வார்டு சிஸ்டர் சகாயமேரிக்கு (இனி ச.மே.) வர்க்கி பிஸ்கட்.

இன்று வார்டில் நிறைய டிஸ்சார்ஜ். எங்கள் ஆராய்ச்சிக் கேள்வியை நானே நின்று கேட்டேன். பிரசவத்தில் பி.பி. ஏறினவர்கள் வீட்டுக்குப் போன ஒரு வாரத்துக்குள் திரும்ப வந்து காட்ட வேண்டும். விட்டால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். இருந்தும் பலர் வருவதில்லை. ஏன்? இதற்குத்தான் கோவையிலிருந்து என்னை இங்கே அனுப்பியிருக்கிறார்கள். கிளம்பும்போது கேட்பது: "மறுபடியும் வருவீங்களா?" வருவேன் என்றால் போன் செய்து ஞாபகப்படுத்துவோம். இல்லை என்றால் விட்டுவிடுவோம். விருப்பம் இல்லாதவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதாம், புரொபசர் போட்ட விதி.

சரசு. தலைப்பிரசவம், பெண் குழந்தை. மலையடிவாரத்தில் ஒரு காலனி. புருஷன் போர்வெல் வண்டியோடு வடக்கே எங்கோ. கால் வீக்கம் முழுசாக வடியவில்லை. கேட்டதும் தரையைப் பார்த்தாள். அவள் அம்மா பழனாளிடம் கேட்டேன். கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நட கண்ணு" என்று மகளைத் தள்ளாத குறையாகக் கூட்டிப் போய்விட்டாள். ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை கிடையாது.

எனக்குச் சுருக்கென்றது. 'வர மாட்டார்' என்று குறித்தேன். பக்கத்துக் கட்டில், தறிப்பட்டறைக் குடும்பம். மாமியார் சிரித்துக்கொண்டே "பாக்கலாமுங்க டாக்டரம்மா" என்றார். அது 'வருவார்'. (நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.)

நவம்பர் 13, வியாழன். கோவை.

இங்கே நல்ல வெயில். மீட்டிங். போண்டா சூடு, பேச்சு ஆறிப்போனது. வராதவர்கள் யார் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் காலனிப் பெண்கள். ஒருவர், "அந்த ஆளுங்க எப்பவுமே அப்படித்தானுங்க, விழிப்புணர்வு பத்தாது." புரொபசர் தலையாட்டினார். நானும் இரண்டாவது போண்டாவை எடுத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

சாயங்காலம் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். கல்லடைப்பு, தனியார் ஆஸ்பத்திரி. ஆரஞ்சு வாங்கிப் போனேன், சாப்பிடக் கூடாதாம், நானே உரித்துத் தின்றேன். கிளம்பும்போது அவர் தோளைத் தொட்டு, "ஒடம்பப் பாத்துக்குங்க." அவ்வளவுதான். சித்தியும் வெறுமனே தலையை அசைத்தார்.

லிஃப்டில் உறைத்தது. நான் 'வாரேன்' சொல்லவில்லை.

பால்காரரிடம் சொல்வேன், கண்டக்டரிடம் சொல்வேன், ராங் நம்பரில் பேசியவரிடம்கூட ஒருமுறை 'வாரேனுங்க' என்று வைத்திருக்கிறேன். இழவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும் சொல்ல மாட்டோம். சொன்னால் மறுபடி அங்கேயே வர வேண்டியிருக்கும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு வார்த்தையைத்தான் பச்சை உடம்புக்காரிகளிடம் நிறுத்திவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இறங்க வேண்டிய தளம் தாண்டி, லிஃப்ட் மறுபடி மேலே போனது. இன்னொன்றும் தோன்றியது. தறிப்பட்டறை மாமியாரும் 'வாரேன்' சொல்லவில்லை. 'பாக்கலாம்' என்று நழுவினார். அவர் நழுவியதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். பழனாள் வாயைத் திறக்காததை மறுப்பாக எடுத்துக்கொண்டேன். இரண்டும் ஒன்றுதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

சரசுவுக்கு யாரும் போன் செய்யப்போவதில்லை. அந்தக் கால் வீக்கம்.

நவம்பர் 14, வெள்ளி. அந்தியூர்.

முதல் பஸ்ஸில் வந்து நேராக வார்டு. ச.மே.யிடம் சொன்னேன். நெற்றியில் தட்டிக்கொண்டார். "அட ஆமாங்க. எங்க மாமனார் இங்க படுத்திருந்தப்ப நானே சொல்லாமத்தான் போவேன்."

சரசு புருஷன் நம்பர் எடுக்கவில்லை. பழனாள் எடுத்தாள்.

"தலவலின்னு படுத்திருக்கறாளுங்க. நேத்திருந்து. கண்ணு மசமசங்குதுங்கறா."

"ஒடனே மறுபடி ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றேன். எல்லாம் தெரிந்துகொண்டு வந்தும் அதே 'மறுபடி'. என் வாயில் வசம்பைத்தான் வைத்துத் தேய்க்க வேண்டும்.

பழனாள் மெதுவாக, "பச்ச ஒடம்புங்க. மறுக்கா அங்க காலு வெக்கப்படாதுங்க."

ச.மே. போனைப் பிடுங்கினார். "ஏனுங்க பழனாளக்கா, பேத்திய எங்களுக்குக் கண்ணுலயே காட்ட மாட்டீங்களா? எடுத்தவ நானு. ஒருக்கா கொண்டாந்து காட்டிப்போட்டுப் போங்க. புள்ளைக்குப் பசிச்சா வேணுமில்ல, சரசுவும் கூடவே வரட்டும். வண்டி நான் அனுப்பறேன், இப்பவே."

"காட்டறதுக்கென்னங்க" என்றாள் பழனாள். குரலே மாறிவிட்டது. "இதா பொறப்படறோமுங்க."

ஆம்புலன்ஸில் வந்து இறங்கினார்கள். டியூட்டி டாக்டர் பி.பி. பார்த்தார், இன்னொரு தரம் பார்த்தார், ஓடினார். ஊசி, டிரிப். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வலிப்பு என்றார்.

எழுத நினைத்தது இதுதான். குழந்தையைக் கையில் வாங்கினேன். குளிப்பாட்டி, சாம்பிராணி வாசத்தோடு, புதுச் சட்டை. காட்டத்தானே கொண்டு வருகிறார்கள். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு காதுக்குக் கிட்டே போய்க் கோணலாக இருந்தது. யார் வைத்தது என்று பழனாளிடம் கேட்டேன். "அவதானுங்க. நான் வெக்கறேன்னாலும் உடுல." கண் மசமசக்க, தலை பிளக்க, குழந்தை அழகாகப் போக வேண்டும் என்று தடவித் தடவி வைத்திருக்கிறாள். இப்படி ஒரு மனுஷியைத்தான் 'வர மாட்டார்' என்று எழுதினேன்.

நவம்பர் 15, சனி.

மழை நின்றது. துணி காய்ந்தது. பி.பி. இறங்கி வருகிறது. சரசு இட்லி கேட்டாளாம். அந்த ஒரு செய்திக்கு ச.மே.யும் நானும் ஆளுக்கு இரண்டு வர்க்கி.

புரொபசருக்குப் போன். கேள்வியை இன்றே எடுக்க வேண்டும், எல்லோருக்கும் போன் செய்ய வேண்டும் என்றேன். கமிட்டி, அனுமதி என்று ஆரம்பித்தார். "சார், நீங்க ஆஸ்பத்திரில இருந்து கெளம்பறப்ப 'வாரேன்' சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன்" என்றார். "கமிட்டிகிட்ட இன்னைக்கே நான் பேசறேன். நீங்க போன் பண்ண ஆரம்பிங்கம்மா" என்றார்.

ச.மே.யின் வாக்கியம்தான்: கொழந்தயக் காட்டிப்போட்டுப் போங்க. 'வருவார்', 'வர மாட்டார்' எல்லோருக்கும். பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

நவம்பர் 19, புதன்.

என்ன சொல்ல. நாலைந்து பேர் வந்தால் அதிகம் என்று இருந்தேன். காலையில் வார்டுக்குத் திரும்பும் இடத்தில் கால் வைக்க வழியில்லை. மலைமேலிருந்து, காலனிகளிலிருந்து, கடைவீதியிலிருந்து. ஒவ்வொரு குழந்தைக்கும் புதுச் சட்டை, கன்னத்தில் மை. கூட வந்த அத்தைகள், சித்திகள். ஒருத்தி கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுச்சேலை.

"ஏனுங்க, இது யாரு சாடை?"

"மூக்கு மட்டும் எங்கூட்டுதுங்க."

ச.மே. ஒவ்வொன்றாக வாங்கிக் கொஞ்சினார், உண்மையாகவே கொஞ்சினார். அந்த நேரத்தில் தாய்க்குப் பி.பி. பார்த்தோம். இருவருக்கு மாத்திரை மாற்ற வேண்டியிருந்தது, அதில் ஒருவர் தறிப்பட்டறை மருமகள். பெஞ்சில் இடம் போதாமல் அந்த மாமியார் நகர்ந்து உட்கார்ந்தார், பக்கத்தில் பழனாள், பேத்தி மடியில். இரண்டு பேரும் கிரைப் வாட்டர் கொடுக்கலாமா கூடாதா என்று சண்டை.

வராதவர்கள் என்று நாங்கள் எழுதிவைத்தவர்கள் இத்தனை பேர். சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட மறந்துபோனேன்.

நவம்பர் 20, வியாழன்.

இளவெயில். சரசு டிஸ்சார்ஜ். கால் வீக்கம் இல்லை. திருஷ்டிப் பொட்டு இன்று கன்னத்து நடுவில், வட்டமாக.

கேட் வரை கூடப் போனேன். கேட்க ஒரு கேள்வியும் இல்லாமல் கை வீசி நடப்பது சுகமாக இருந்தது. சரசு தலையசைத்தாள். பழனாள் வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் ஆட்டோவில் ஏறி, கூடையைக் காலுக்கு நடுவில் வைத்தாள். பிறகு இறங்கித் திரும்பி வந்தாள்.

"ஏனுங்கம்மணி, புள்ளைக்கு அடுத்த மாசம் பேரு வெக்கறோமுங்க. காலனிதான். எங்கூட்டுக்கெல்லாம் நீங்க வருவீங்களா?"

கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள், அன்றைக்கு அவள் மகள் பார்த்த மாதிரி.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு உள்பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன். அது தெரிந்தேதான் வாய்விட்டுச் சொன்னேன், "வாரேனுங்க."