மப்ரூக்காவின் தாகம்

காபெஸ்,
பெருநாள் கழிந்த ஆறாம் நாள்.

தீஜானி அவர்களுக்கு,

உங்கள் வீட்டில் எல்லாரும் நலமாயிருக்கட்டும்.

இத்தனை நாள் வாய் மூடி இருந்துவிட்டேன். உங்கள் தங்கை மப்ரூக்காவைப் பற்றி எழுதுகிறேன். வேறொருவனோடு தொடர்பு என்று சொல்லி அவளைக் கணவன் நூரி மலைக்கு, உங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டான். ஆள் யாரென்று சொன்னால்தான் வெளியே வரலாம் என்று நீங்கள் அவளைப் பின்னறையில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். துறைமுகக் காப்பிக்கடையில் ஆறு பேர் நடுவில் நூரியே சொன்னான்.

"நோன்பு மாசத்துல நட்டநடுப் பகல்ல சொம்பு சொம்பா தண்ணி குடிக்கிறா. எங்கம்மா கையும் களவுமா புடிச்சாங்க. கேட்டா தாங்க முடியலங்கிறா. இப்ப கீழ அரிப்பு, எரிச்சலாம். களிம்பு போட்டா அடங்குது, பத்து நாள்ல திரும்ப வருது. அல்லாவுக்குப் பயப்படாதவ புருஷனுக்கா பயப்படுவா?"

நாவிதர் ஹமூதா சும்மா இருக்கவில்லை. "ஏம்ப்பா, எல்லை தாண்டி லாரி ஓட்டுறது அவளா, நீயா? நீ எங்கெங்க படுத்தேன்னு முதல்ல சொல்லு." எல்லாரும் சிரித்தார்கள். நூரி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனான்.

போவதற்கு முன் அவன் சொன்ன வேறு சில விஷயங்களை யாரும் கவனிக்கவில்லை. மாவு பிசையும்போதே தூங்கிவிடுகிறாள்; ராத்திரியில் நாலு தடவை எழுந்து போகிறாள்; மெலிந்துபோய் வளையல்கள் தாமாகக் கழன்று விழுகின்றன. இவற்றையும் குற்றப்பட்டியலில்தான் சேர்த்தான்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்காக அவளைப் பெண் கேட்டு என் தாயார் உங்கள் வீட்டுக்கு வந்தார். "ஆஸ்பத்திரியில மூத்திரக் குப்பி கழுவுறவனுக்கு எங்க பொண்ணா?" என்று விருந்தினர் முன்னால் கேட்டீர்கள். நான் குப்பி கழுவவில்லை, பரிசோதனை செய்தேன். இன்றும் செய்கிறேன். நீங்கள் சொன்னதை நான் மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை.

பல ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன். தாகமும் அரிப்பும் இரண்டு குற்றங்களல்ல. பெரும்பாலும் ஒரே நோய். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீரிலும் இறங்கும். அந்த இடத்தில் பூஞ்சை வளரும். சர்க்கரை குறையாதவரை எந்தக் களிம்பின் குணமும் நிலைக்காது. அரிப்புக்கு மட்டும் வேறு காரணங்களும் உண்டு. பல்வலிக்கோ காய்ச்சலுக்கோ சாப்பிட்ட கிருமிக்கொல்லி மாத்திரைக்குப் பிறகும் இப்படி வரும். கணவன் மனைவிக்குள் தொற்றும் கிருமியாகவும் இருக்கலாம். அப்படியானால் நூரியையும் சோதிக்க வேண்டும், ஹமூதாவின் கேள்விக்கு அவன் பதிலும் சொல்ல வேண்டும். எதுவென்று அவள் வாக்குமூலத்தால் தெரியாது. ஒரு சொட்டு ரத்தமும் கொஞ்சம் சிறுநீரும் போதும்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அங்கே பெண் டாக்டர் இருக்கிறார். வாந்தி எடுத்தாலோ, வயிறு வலித்தாலோ, மூச்சில் கனிந்த பழத்தின் வாடை வந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். அந்த நிலையில் வந்தவர்கள் எல்லாரும் உயிரோடு திரும்பிப் போனதில்லை. வண்டி வரும்வரை, கேட்கும்போதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் கொடுங்கள்.

பெயர் எழுதப் போய் நிறுத்திவிட்டேன். இதைச் சொன்னது நான்தான் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசை இருந்தது. ஆனால் என் பெயரைப் பார்த்தவுடன், தேடிய ஆள் கிடைத்துவிட்டான் என்று முடிவு கட்டுவீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வண்டி என் வீட்டுக்கு வரும். அவள் பின்னறையிலேயே கிடப்பாள். ஆகவே பெண் கேட்ட கதையையும் இந்தப் பத்தியையும் விட்டுவிட்டு, மற்றதை அச்செழுத்துப்போல் படியெடுத்து, கையெழுத்தில்லாமல் இன்றே தபாலில் போடுகிறேன்.