டூட்டி மாற ஆளில்லை

நிலாத் தனிமைக் கூடம். செவ்வாய், காலை 6.10
காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. நோயாளிகள் ஒன்பது பேர், எல்லோரும் இங்கே சுரங்க வேலைக்கு வந்தவர்கள். பணியில் இருவர்: மருத்துவர் சுலைமான், செவிலியர் ஜெசிந்தா, அதாவது நான். இந்தக் காய்ச்சலுக்கு இன்னும் மருந்தில்லை. தொற்று பூமிக்குப் போய்விடக் கூடாதென்று கூடத்தின் கதவை அங்குள்ள தரைக் கட்டுப்பாட்டு அறையே பூட்டி வைத்திருக்கிறது. இன்று கப்பல் வருகிறது. மாற்று ஆட்களும் வருவார்களாம். பையைக் கட்டிவிட்டேன்.

செவ்வாய், மாலை 4.20
கப்பல் பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. தரையிலிருந்து செய்தி:
"சிஸ்டர், இந்தத் தடவையும் ஆள் மாத்த முடியல. யாரும் வர ஒத்துக்கல. தைரியமா இருங்க. ஊரே உங்களுக்காகக் கை தட்டுது, கேளுங்க."
கைதட்டலைப் போட்டுக் காட்டினார்கள். மருத்துவர் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினார். பிறகு அவரே திரும்ப மாட்டவும் செய்தார்.

திங்கள், பகல் 1.15
மூன்றாம் படுக்கை முத்தழகர் இறந்துவிட்டார். கடைசிவரை மருத்துவரின் காப்புடையை விடவில்லை. விரல்களைப் பிரித்தெடுத்தது நான். மருத்துவர் மருந்தறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். காப்புடை ரேடியோவில் கூப்பிட்டேன்.
"டாக்டர், கதவத் தொறங்க."
"ஒண்ணுமில்ல சிஸ்டர். கொஞ்சம் தூங்கணும். அவ்வளவுதான்."
"தூங்குங்க. வார்ட நான் பாத்துக்கிடுதேன். ஆனா என் கண்ணு முன்னால வந்து தூங்குங்க."
பிறகு திறந்தார். மருந்தறைச் சாவி இப்போது என் கழுத்தில்.

செவ்வாய், காலை 9.00
அவரோடு பேச ஒரு மனநல மருத்துவர் வேண்டுமென்று தரையிடம் கேட்டேன். இயந்திரக் குரல்தான் வந்தது.
"உங்கள் மனநிலைக்கு ஒன்று முதல் பத்துக்குள் மதிப்பெண் தாருங்கள்."
"ரெண்டு" என்றேன்.
"நன்றி. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்."
மருத்துவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். எனக்குத்தான் நிறுத்த முடியவில்லை.

ஞாயிறு, காலை
எனக்குக் காய்ச்சல். இதைப் படிக்கப் போகிறவர் யாரோ, அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வெப்பமானியைப் பார்த்ததும் முதலில் வந்தது நிம்மதி. இனிப் படுக்கலாம். யாரும் எழுப்ப மாட்டார்கள். அப்புறம்தான் உறைத்தது, அவர் தனியாகிவிட்டார் என்று.

நேரம் தெரியவில்லை
எழுத முடியவில்லை. சொல்லச் சொல்லப் பதிவாகிறது. மூன்றாம் படுக்கையில் கிடக்கிறேன். மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சாவியைக் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றுகிறார். போடச் சொல்ல வேண்டும். மற்ற எட்டுப் பேருக்கு இனி அவர் ஒருவர்தான். என் நெற்றியில் கை வைக்கிறார். இங்கே வந்தபின் யாருடைய கையும் என்மேல் பட்டதில்லை. குளிர்ச்சியாக இருக்கிறது.
சொல்ல வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து