மதிப்பெண் வரிசையில் என் இடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

விடுதியில் நன்றாகச் சாப்பிடுகிறேன். கீரனூரில் தக்காளி பறிப்பு முடிந்துவிட்டதா?

இந்தக் கடிதம் வருவதற்குள் வகுப்பு டீச்சர் உனக்குப் போன் செய்திருப்பார். பயப்படாதே. இங்கே மதிப்பெண் வரிசையில்தான் உட்கார வைப்பார்கள். நான் இருந்த முதல் பெஞ்சில் எல்லாரும் கையால் நோட்டை மறைத்துக்கொள்வார்கள். மூன்று மாதமாக யாரும் என்னிடம் பேசவில்லை. அதனால் கணக்குப் பரீட்சையில் பாதிக் கேள்விகளைத் தெரிந்தும் எழுதாமல் விட்டேன். இன்று கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள்.

அங்கே நர்கீஸ் என்ற பெண் பையை நகர்த்தி, "இங்கன உக்காரு. சாப்டியா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் அவளே, "நீதான் நல்லா படிப்பியே, எனக்குக் கணக்குச் சொல்லித் தாரியா?" என்று கேட்டாள்.

சொல்லிக்கொடுத்தால் அவள் முன் பெஞ்சுக்குப் போய்விடுவாளே, அம்மா?

உன் மகள்