ஓடைக்கரை ஆண்மரம்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன்னைக் கேட்டால் வேலை நெருக்கடி என்பாய், தெரியும். மலையில் சிக்னல் இல்லாததால் ஜீப்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் சாலைக்காகக் குறிபோட்ட மரங்களில் ஓடைக்கரைப் பெருமரமும் இருக்கிறது. அதை விட்டுவிடு. நான் இத்தனை வருஷமாக ஆராயும் அந்த இனத்தில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. இந்த மழைக்காட்டில் பூக்கிற ஆண்மரம் அது ஒன்றுதான். அது போனால் பெண்மரங்கள் பூத்தும் காய்க்காது. சுற்றியுள்ள மரங்களை வெட்டி வெயில் விட்டாலே ஈரம் வற்றிக் கன்றுகள் கருகிவிடும். பாதையைக் கொஞ்சம் மேலே ஏற்று. அக்கா கேட்டு நீ எதை மறுத்திருக்கிறாய்?

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இப்படிக் கேட்டால் நான் என்ன செய்வேன்? மேலே மண் இளக்கம். பெருமழைக்குத் தாங்காது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிரசவ வலியோடு பெண்களைத் தூக்கி வருகிறார்கள், நீயும் பார்த்திருக்கிறாய். சாலை எப்போது என்று மேலதிகாரி உயிரை எடுக்கிறார். மரத்துக்காக என்னோடு மல்லுக்கு நிற்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

அறுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மரத்தடியிலேயே கூடாரம் போட்டாயிற்று. மண்ணுக்குத் தடுப்புச்சுவர் கட்டலாம். மரத்தை யார் கட்டுவது?

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

ஜெயித்துவிட்டாய். பாதை மேலே போகிறது, தடுப்புச்சுவரோடு. கையெழுத்து என்னுடையது. கூடாரத்தைப் பிரி, அட்டைக்கடி போதும்.

தம்பி

ஜூன் 20

அக்காவுக்கு,

சுவர் எழும்புவதற்குள் மழை முந்திக்கொண்டது. நேற்று மேல்சரிவு இறங்கி, மண் அள்ளும் இயந்திரத்தைப் புரட்டிப் போட்டுவிட்டது. ஓட்டுநருக்கு வலது கால் போய்விட்டது. தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும், "அந்த மரம் நிக்குதா சார்?" என்றார். குத்திக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா, தெரியவில்லை. தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இனி எனக்கு எழுதாதே.

ஜூலை 5

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

பெண்மரங்கள் காய்த்துவிட்டன. எத்தனை வருஷமாகக் காத்திருந்த செய்தி! யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. மலையிறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஓட்டுநரின் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை. "உங்க தம்பி தினமும் வர்றாரு. நீங்க இப்பதான் வர்றீங்க" என்றாள். அவள் துணி துவைக்கப் போனபோது அவர் பக்கத்தில் இருந்தேன். மரத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. தண்ணீர் மட்டும் கேட்டார்.

காய் பழுக்கும் நேரத்தில் காட்டில் இருக்க வேண்டியவள் நான். அந்த வேலையை என்னோடு ஆராய்ச்சி செய்யும் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, எதிர்த்தெருவில் அறை எடுத்திருக்கிறேன். பகலில் ஓட்டுநரை நான் பார்த்துக்கொள்கிறேன், மனைவி வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கவனிக்கட்டும்.

நீ வேலை முடிந்து வரும்போது ஆஸ்பத்திரி மாடிப்படியில் எதிர்ப்படுவோம். என்னோடு பேச வேண்டாம். என்னைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடாதே. சாயங்காலமானால் அவர் உனக்காகக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா