புளியந்தீவில் நீ வைத்த மூன்றாம் வழங்கி

நண்பா,

இன்று புளியந்தீவு அறையில் வழங்கியின், உன் பேச்சில் சேர்வரின், மூடியைக் கழற்றியதும் சூடேறிய தூசியும் வாவியின் உப்பும் கலந்த வாடை எழுந்தது. உன் சட்டையில் எந்நாளும் இருந்த வாடை. ஒரு கணம் நீ அருகில் குனிந்து நிற்பதாகவே எண்ணினேன்.

நீ மறைந்த பின் அந்த மூன்று வழங்கிகளையும் தொட எவரும் துணியவில்லை. மென்பொருள் பழையதாயிற்று, மாரிக்காலமோ நெருங்கிவிட்டது. அவை அனுப்பும் நம் வெள்ள எச்சரிக்கைக் குறுஞ்செய்தி நின்றால், வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சிற்றூர்கள் நீர் ஏறிய பின்பே விழிக்கும்.

தொடக்கத்தில் வாவியின் இரு கரைகளிலும் கரைக்கு ஒன்றாக இரண்டே வழங்கிகள். மூன்றாவது வேண்டும் என்றாய். எக்கரையில் வைத்தாலும் மறுகரைக்கு அநீதி என்று நம் எச்சரிக்கைக் குழு கொதித்தது. நானும் சமத்துவம் முழங்கினேன். அடுத்த புயலில் கரைகளுக்கிடையே இணைப்பு அறுந்தது. இரண்டில் தனித்த ஒன்று பாதிதானே; பெரும்பான்மை இன்றி இயங்கேன் என்று இரண்டுமே அடங்கின. எச்சரிக்கை போகவில்லை. நல்வேளை, அன்று வெள்ளம் ஊருக்குள் ஏறவில்லை.

"சமமாப் பிரிச்சாய், மச்சான். இப்ப ரெண்டும் சமமா ஊமை!" என்று சிரித்தாய். பிறகு இரு கரையையும் சேராத இத்தீவில் மூன்றாவதை வைத்தாய்; இனிக் கரைகளின் இணைப்பு அறுந்தாலும் தீவோடு சேர்ந்து மூன்றில் இரண்டு பெரும்பான்மையாய் நிற்கும். எவரும் மறுக்கவில்லை.

இன்று, உன் பணியை ஏற்ற சுகந்தி, நீ செய்தவாறே ஒவ்வொன்றாக நிறுத்தி மேம்படுத்தினாள். ஒன்று ஓய்ந்திருக்க மற்ற இரண்டும் பணியைத் தாங்கின. கரை வழங்கிகள் ஒழுங்காய்த் திரும்பின. தீவு வழங்கியோ எழுந்தும் சேரவில்லை. வெளியே வானம் கறுத்தது.

"மற்ற ரெண்டும் இதச் சேர்க்குதில்ல, ஐயா. பழசுக்கே திரும்புவமா?"

என் தூய தமிழை நீ சீண்டியது நினைவில் வந்தது: "வழங்கி எண்டு சொல்லு, சேர்வர் எண்டு சொல்லு, சேராட்டி முதல்ல மணிக்கூட்டப் பார்."

"மணிக்கூட்டப் பாருங்க, பிள்ள."

அதன் கடிகாரம் பல ஆண்டுகள் பின்தங்கி நின்றது; நேரம் பொருந்தாத ஒன்றை மற்றவை நம்பிச் சேர்ப்பதில்லை. மூடியைத் திறந்தோம், உள்ளிருந்த சிறு மின்கலம் செத்துக் கிடந்தது. புதியது இட்டு நேரத்தைத் திருத்தியதும் மூன்றும் ஒன்றாயின. சோதனைச் செய்தி அனுப்பினோம். உடனே படுவான்கரைக் கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு விவசாயியின் அழைப்பு: "வயல் வட்டைக்குள்ள நிக்கிறன். ஓடட்டா?"

"சோதனைதான் அண்ணன், நில்லுங்க!" என்று சுகந்தி கூவினாள். நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம்.

இப்போதெல்லாம் எந்த அவையிலும் இரு தரப்பையும் சாராத ஒருவர் இருக்கிறாரா என்று பார்த்த பிறகே பேசத் தொடங்குகிறேன். அது நீ தந்தது.

இதை எழுதும்போதே மழை இறங்கிவிட்டது. கரைகளின் இணைப்பு மீண்டும் அறுந்ததாம். எச்சரிக்கைகள் போய்க்கொண்டிருக்கின்றன.