விசாரணைக்குப் போனவர்

2012 மார்ச் 6, செவ்வாய்

காலை வேலை. முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் லீவு. சலவை அறையில் நானும் தர்சினியும் மட்டும். வரும் வழியில் பிளாக்டவுனில் மீன் வாங்கினேன். மகள் தாரகாவுக்குக் கணக்கில் நல்ல புள்ளி. சந்தோசமோ என்று கேட்டால், "இட்ஸ் நத்திங், அம்மா" என்கிறாள்.

மார்ச் 9

சாப்பிடும்போது தர்சினி கேட்டாள். "அக்கா, நீங்கள் கிளிநொச்சியில இருந்தனீங்கள்தானே? இவரைத் தெரியுமோ?"

அவளுடைய புருசன் சிறிதரன் வில்லவுட் தடுப்பு முகாமில் இருக்கிறார். அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் இந்த நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று விடவில்லை. என்ன காரணம் என்று அவருக்கும் சொல்லவில்லை, லோயருக்கும் சொல்லவில்லை.

"இவர் இயக்கத்தின்ர காணிக் கந்தோரில கிளார்க்காத்தான் இருந்தவர். தெரிஞ்ச ஆக்கள் வந்து அதைச் சொன்னா உதவியா இருக்குமாம்."

போனில் படத்தைக் காட்டினாள். தெரியும் என்றேன். சோற்றை முடித்துவிட்டு எழும்பினேன்.

மார்ச் 11, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

2007. கிளிநொச்சி அப்போது இயக்கத்தின் கையில். என் புருசன் ஜெயதீபன் ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்குச் சாமான் எடுக்கப் பாஸ் வாங்கிக்கொண்டு வவுனியாவுக்குப் போனார். அங்கே ஆமி பிடித்தது. ஒருநாள் வைத்திருந்துவிட்டு விட்டது. வீட்டுக்கு வந்தார், குளித்தார், நன்றாகச் சாப்பிட்டார். இரண்டு நாளில் இயக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன்தான் தர்சினியின் போனில் இருப்பவன்.

"அக்கா, சின்ன விசாரணை. ஒரு கிழமையில விட்டிடுவம்."

மரியாதையாகத்தான் சொன்னான். ஜெயதீபன் சேர்ட்டை மாற்றிக்கொண்டு போனார்.

அங்கே இயக்கத்துக்கென்று பொலிஸ் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, எல்லாவற்றுக்கும் ஒரு கந்தோர் இருந்தது. எங்கே போய்க் கேட்டாலும் "அது எங்கட பிரிவு இல்லை". சனம் என்னோடு கதைப்பதை நிறுத்தியது. துரோகியின்ர பெண்சாதி. கடையில் என் முறை வந்தால் கடைக்காரர் உள்ளே போய்விடுவார்.

எழுதி முடித்து, அழுகை வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. தாரகாவின் யூனிஃபோமை அயன் பண்ணினேன்.

மார்ச் 20

ஒன்றுமில்லை. வேலை, வீடு.

மார்ச் 31, சனி

சிறிதரனைப் பார்க்க வேண்டும் என்று தர்சினியிடம் கேட்டேன். சந்தோசப்பட்டாள் — அவருக்காகச் சாட்சி சொல்லத்தான் போகிறேன் என்று நினைத்திருப்பாள். தனியாகப் போனேன். பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள்.

மெலிந்துவிட்டார். கடதாசிக் கப்பில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"நான் ஜெயதீபன்ர மனுசி."

"தெரியும் அக்கா. வாசல்ல கண்ட உடன தெரிஞ்சது."

"அவர் எங்க?"

"அந்த மாசமே முடிஞ்சுது. அடி, பிறகு காய்ச்சல். மருந்து குடுக்கேல்லையாம். நான் கொண்டுபோய் விட்டதோட சரி. பிறகுதான் கேள்விப்பட்டனான்."

"என்ன செய்தவர் அவர்?"

"ஒண்டும் செய்யேல்ல. ஆமி உன்னை ஏன் விட்டவன் எண்டு கேட்டவை. அவருக்கு மறுமொழி தெரியேல்ல."

"அவற்ற உடம்பை எங்க தாட்டவை?"

"தெரியாது அக்கா."

"உம்மை ஏன் இதுக்குள்ள வைச்சிருக்கினம்?" என்று கேட்டேன்.

"சொல்லினமில்லை. மூண்டு வருசமாக் கேக்கிறன்." அப்போதுதான் அவருடைய குரல் உடைந்தது. என்னுடையது உடையவில்லை.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டேன். ஏன் குடித்தேன்?

ஏப்ரல் 2

தாரகாவிடம் சொன்னேன், அப்பா இல்லை என்று. "ஐ நோ, அம்மா" என்றாள். எப்போதிருந்து என்று கேட்கவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 11

சிறிதரனின் லோயரிடம் போய்ச் சொன்னேன். காணிக் கந்தோர் எனக்குத் தெரியாது. என் புருசனைக் கூட்டிக்கொண்டு போனவர் இவர்தான். மொழிபெயர்க்க வந்த பிள்ளை பாதியில் நின்றுவிட்டாள். "சொல்லும் பிள்ளை" என்றேன். "இன்னொண்டும் சொல்லும். என்ன குற்றம் எண்டு சொல்லாமல் ஒரு ஆளைப் பூட்டி வைக்கக் கூடாது. ஆர் வைச்சாலும். அதையும் எழுதச் சொல்லும்."

லோயர் எழுதவில்லை. இது சிறிதரனுக்கு உதவாது, தன்னுடைய வாயைத் தாண்டியும் போகாது என்றார்.

வெளியே காத்துக்கொண்டிருந்த தர்சினியிடமும் முழுவதையும் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. "பொய் சொல்லுறீங்கள்" என்றாள். பிறகு, "ஏன் அக்கா இப்ப?"

இப்ப எண்டால்? வேற எப்ப என்னட்ட ஆர் கேட்டது?

ஏப்ரல் 29

மேய்ஸ் ஹில் கோயிலில் இதுதான் கதையாம். வரதராஜா அண்ணை போன் எடுத்தார். நாங்கள் வந்த புதிதில் இந்த வீட்டைப் பிடித்துத் தந்தவர் அவர். "தங்கச்சி, உள்ள இருக்கிற பெடியனைக் காட்டிக்குடுத்தனீராம். ஆர் உம்மைக் கதைக்கச் சொன்னது?"

இங்கேயும் துரோகி என்ற அந்தச் சொல்லைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். போனை வைத்தேன். கறி அடிப்பிடித்துவிட்டது.

மே 3

தர்சினி பின்னேர வேலைக்கு மாறிவிட்டாள்.

மே 13, ஞாயிறு

சர்ச்சில் தமிழ்ப் பூசையில் இறந்தவர்களின் பெயர்களோடு என் புருசனின் பெயரும். முதல் தடவை. ஃபாதர் அதை "ஜெயசீலன்" என்று வாசித்தார். நான் திருத்தவில்லை. தாரகா எழும்பி நின்று, "ஜெயதீபன்" என்றாள். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஃபாதர் மறுபடி வாசித்தார்.

ஓகஸ்ட் 19, ஞாயிறு

மழை. ரயில் ஓடவில்லை, பதில் பஸ் விட்டிருந்தார்கள். ஸ்டேஷன் வாசலில் பெரிய கியூ. அதில் தர்சினி, சாப்பாட்டுப் பையோடும் சின்ன மகளோடும். என்னைக் கண்டுவிட்டுக் குடையைச் சரித்துக்கொண்டாள்.

காரில் தாண்டிப் போய்விட்டேன். ரவுண்டபவுட்டில் திரும்பி வந்து, "ஏறும்" என்றேன்.

பிள்ளை முதலில் ஏறியது. பிறகு அவள். வில்லவுட் முகாம் வாசலில் இறங்காமல் இருந்தாள்.

"நீங்கள் சொன்னதை நான் அவரிட்டக் கேட்டனான் அக்கா. ஓம் எண்டவர்."

கார் எஞ்சினை நிறுத்தினேன்.

"உள்ள வாறீங்களோ?"

"இல்லை. நான் இஞ்ச இருக்கிறன்."

அவர்கள் வரும்வரை காரிலேயே இருந்தேன். திரும்பும்போது பிள்ளை பின்சீட்டில் நித்திரை. வீட்டடியில் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தர்சினி குனிந்து கேட்டாள், "வாற ஞாயிறும் உங்களுக்கு வேலை இல்லையோ?"

"பத்து மணிக்கு வெளிக்கிட்டு நில்லும்" என்றேன்.