மேலே ஒட்டிய சீட்டு

ஜூலை 11, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். உறுதியான தகவல் ஒன்றுதான்: சரோஜாவின் கட்டியிலிருந்து அனுப்பிய திசுத்துண்டில் டிஎன்ஏ போதவில்லை, மறுபடி அனுப்ப வேண்டும். சொன்னவர், சென்னை ஆய்வகத்தில் போன் எடுக்கும் பெண். மூன்று வாரம் காத்திருந்து கேட்ட பதில்.

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போன். மே மாதம் பெருங்குடல் புற்றுக்கட்டியை எடுத்தது அவர்கள்தான். மீதித் திசு மெழுகில் பதித்து அங்கே இருக்கிறது. கணவர்தான் பேசுகிறேன் என்று சொல்லிக் கேட்டேன். பொறுப்பாளர் லீவு, திங்கள் வருவார். "அவசரம்னா நேர்ல வாங்க சார்." நேரில் போனாலும் லீவு லீவுதானே.

டாக்டர் விளக்கியது, மறக்காமலிருக்க. செல் பிரியும்போது டிஎன்ஏவில் விழும் பிழைகளைத் திருத்த மரபணுக்கள் உண்டு. அவற்றில் ஒன்று சரோஜாவின் கட்டியில் வேலை செய்யவில்லை. காரணம் இரண்டில் ஒன்று. பிறவியிலேயே அதன் எழுத்தில் பிழை. அப்படியானால் எங்கள் மகள் கவிதாவுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அல்லது எழுத்து சரி; பிற்காலத்தில் அதன் தலைப்பில் மெத்தில் என்னும் சிறு வேதிப்பொருள் ஒட்டிக்கொண்டு, செல் அந்த எழுத்தைப் படிக்க முடியாமல் செய்திருக்கிறது. இது பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் போகாது. 'பெரும்பாலும்' டாக்டரின் சொல்.

பத்திரிகை நிருபனான எனக்குப் புரியும் அச்சக பாஷையில்: அச்சுக் கோத்ததிலேயே பிழை என்றால் எல்லாப் பிரதியிலும் வரும். ஒரு பிரதியில் செய்திக்கு மேல் சீட்டு ஒட்டியிருந்தால் அந்தப் பிரதியோடு போயிற்று. சீட்டாக இருக்க வேண்டும். புற்றுநோயில் இப்படியும் ஒரு வேண்டுதல்.

ஜூலை 13, ஞாயிறு

மின்தடை இரண்டு முறை. சேத்தியாத்தோப்பிலிருந்து மங்கை அக்கா. கவிதாவுக்குத் திட்டக்குடி வரன் கொண்டுவந்தவள். ஆடி பிறக்குமுன், புதன்கிழமையே பூ வைத்துவிட வேண்டுமாம். மாப்பிள்ளை வீட்டார் கேட்பது ஒன்றே: தாயின் நோய் பரம்பரையா?

"தெரியாதுக்கா. ரிப்போர்ட் வரல."

"நாப்பது வருசமா ஊர்ச் சேதியெல்லாம் எழுதற. உன் வூட்டுச் சேதி உனக்குத் தெரியாதா?"

கவிதா மின்கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பவள். சூளையிலிருந்து வருவதைத் தட்டி, விரிசல் சத்தம் கேட்டால் ஒதுக்குவாள். "என்னையும் ரெண்டு தட்டு தட்டிப் பாத்து எடுத்துக்கச் சொல்லுங்க அத்தை." அக்கா முகம் போன போக்கு. சரோஜா மட்டும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

மாலையில் சரோஜா: "ஏங்க, கொளஞ்சியப்பர் கோயில்ல கொறைய எழுதிப் பிராது கட்டலாம்னு இருக்கேன். என்னன்னு எழுதறது? மெத்தில் ஒட்டியிருக்கணும் சாமின்னா?"

"கட்டிய எடுத்தே ரெண்டு மாசம் ஆச்சு. ஒட்டியிருந்தா ஒட்டியிருக்குது. இனிமே சாமி எதை மாத்தறது?"

"அப்ப ஆஸ்பத்திரிக்காரங்க லீவு போடக்கூடாதுன்னு எழுதறேன்."

சர்க்கரை மாத்திரை வாங்க மறந்தேன்.

ஜூலை 14, திங்கள்

காலையில் மாப்பிள்ளையின் அப்பா ராமலிங்கம் போன். "ரிப்போர்ட்டு நல்லபடியா வந்துட்டுதாமே, பரம்பரை இல்லியாமே. அக்கா சொன்னாங்க. மனசு நெறஞ்சுது சம்பந்தி." அங்கேயே மறுத்திருக்க வேண்டும். "அப்புறம் பேசறேங்க" என்று வைத்துவிட்டேன்.

புதுச்சேரி போய்த் திசுவை வாங்கிக் கூரியரில் போட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. வந்ததும் அக்காவுக்குப் போன்.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

"நீ தெரியாது தெரியாதுன்னுகிட்டே இரு, ஆடி வந்துடும். நல்லதாத்தான்டா வரும்."

"வரலன்னா?"

வைத்துவிட்டாள். கவிதா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ போயி சொல்றியாப்பா, நான் போவட்டா?"

ஜூலை 15, செவ்வாய்

திட்டக்குடி. வெயில். ராமலிங்கத்தின் சிமென்ட் கடையிலேயே சொன்னேன்: முடிவு வரவில்லை, அக்கா ஆசையில் சொல்லிவிட்டாள். டீ வரவழைத்தார். குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"பரம்பரைன்னே வந்தா?"

"அவ அம்மாவுக்கு ரத்தம் பாக்கணும், அப்புறம் அவளுக்கு. இருந்தாலும் நோய் வந்துட்டுதுன்னு அர்த்தமில்லீங்க. அப்பப்போ குழாய் விட்டுக் குடலைப் பாத்துக்கணும்."

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்." மரியாதையாகச் சொன்னாரா, கோபத்திலா, பிடிபடவில்லை. "ஆவணியில பாக்கலாங்க. ரிப்போர்ட்டு வந்ததும் வாட்ஸப்புல போட்டு விடுங்க." சரி என்றேன்.

வீட்டில் இதைச் சொன்னதும் கவிதா கத்தினாள். "அவருக்கு எதுக்கு அனுப்பறேன்ன? குழாய் விடப்போறது அவரு வயித்துலயா? வரன் போனா போவட்டும். எனக்கு இருக்குதா இல்லியான்னு மொதல்ல எனக்குத் தெரியணும்."

பயந்திருக்கிறாள். இத்தனை நாள் வரனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவளிடம் யாரும் கேட்கவில்லை. ஊரெல்லாம் கேள்வி கேட்டுப் பிழைக்கும் நானும்.

சரோஜா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "எங்கிட்டேருந்து அவளுக்கு நகை மட்டும் போனா போதும்."

ஜூலை 16, புதன்

ஆனி கடைசி. தூறல், தரைகூட நனையவில்லை. சொல்லி வைத்திருந்த பூ வந்துவிட்டது. சாமி படத்துக்குப் போட்டோம். அக்கா போனை எடுக்கவில்லை.

ஆய்வகத்துப் பெண் பேசினார். உறுதி: இரண்டாவது திசு வந்து சேர்ந்தது, டிஎன்ஏ போதும், சோதனை தொடங்கியாயிற்று. நிலுவை: மெத்தில் ஒட்டு உண்டா, இல்லையா. இல்லையென்றால் சரோஜாவுக்கு ரத்தச் சோதனை. எதிர்பார்ப்பு: அடுத்த புதன் மாலைக்குள்.

"ரிப்போர்ட் இதே நம்பருக்குத்தானே சார்?"

சரோஜாவைப் பார்த்தேன். "அவ நம்பரையே குடுங்க" என்றாள்.

கவிதாவின் எண்ணைச் சொன்னேன். இரண்டு முறை, சரிபார்த்து. முதலில் அவளுக்கு. அவள் சொன்னால் எனக்கு.